இரண்டு மணித்தியாலம் நிற்கும் தண்ணீரில் கிருமி எப்படி வந்தது?

முல்லைத்தீவு மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து இந்தக் கடிதம் வந்திருக்கிறது. எழுதியவர் ஊரின் நீர்ப் பாவனையாளர் சங்கத்துக்காக மோட்டர் இயக்கும் தம்பி. பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் இரண்டையும் விட்டுவிடுகிறேன். நாலு பக்கக் கடிதத்தின் சுருக்கம் இது.

குழாய்க்கிணற்றிலிருந்து வரும் தண்ணீர் நிலமட்டத்தில் கட்டிய கொங்கிறீற் தாங்கிக்குள் விழுகிறது. தாங்கி 6 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் ஒன்றரை மீற்றர். அதாவது 36,000 லீற்றர். அங்கிருந்து இன்னொரு மோட்டர் நிமிடத்துக்கு 300 லீற்றர் வீதம் 130 குடும்பங்களுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தள்ளுகிறது. விநியோக நேரத்தில் இரண்டு மோட்டரும் ஒன்றாக ஓடுவதால் தாங்கியின் மட்டம் பெரிதாக மாறாது. குளோரின் பவுடரை ஒரு பரலில் கரைத்து, தெளிந்த நீரைச் சேலைன் ஏற்றும் குழாயால் தாங்கிக்குள் சொட்டுச் சொட்டாக விடுகிறார். ஒரு நாளும் தவறியதில்லை என்கிறார்.

கார்த்திகை மழைக்குப் பிறகு சில பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பள்ளிக்கூடக் குழாயில் காலை 7.45க்கு எடுத்த மாதிரியில், தண்ணீர் அசுத்தமானதைக் காட்டும் கோலிபோம் கிருமி இருந்தது. அன்றிலிருந்து ஊர், "மருந்து போடாமல் காசு எடுக்கிறான்" என்று கதைக்கிறது. இவர் அளவை இரட்டிப்பாக்கினார். காலையில் மணம் தாங்காமல் சில வீடுகள் பழைய கட்டுக்கிணற்றுக்கே திரும்பிவிட்டன. இரண்டாவது மாதிரியிலும் கிருமி.

"36,000 லீற்றரை 300ஆல் வகுத்தால் 120 நிமிடம். அரை மணித்தியாலம் போதும் என்று பயிற்சியில் சொன்னார்கள். நாலு மடங்கு நேரம் நிற்கிற தண்ணீரில் கிருமி எப்படி உயிரோடு இருக்கும், ஐயா?" என்று கேட்கிறார். கூடவே நாலு கேள்விகள்: மருந்தை இன்னும் கூட்டவா? தாங்கிக்குள் கலக்கி ஒன்று பூட்டவா? வெளிநாட்டிலுள்ள ஊரவர்கள் 10,000 லீற்றர் பிளாஸ்டிக் தாங்கி ஒன்று வாங்கித் தரத் தயார், வாங்கலாமா? பழி என் தலையில் விழுந்தால் நான் என்ன செய்வது?

தம்பி, முதலில் ஒன்று. நீங்கள் மருந்து போடுகிறீர்கள் என்பதை உங்கள் கடிதமே காட்டிக்கொடுக்கிறது. மருந்து போடாத தாங்கியில் காலையில் மணம் வராது. பிழை உங்கள் கையில் இல்லை, தாங்கிக்குள் தண்ணீர் ஓடுகிற பாதையில் இருக்கிறது. கட்டத் தாளில் நீங்கள் கீறி அனுப்பிய படத்தைப் பார்த்தவுடனே அது விளங்கிவிட்டது. உள்ளே வரும் குழாயும் வெளியே போகும் குழாயும் ஒரே சுவரில், மூன்றடி இடைவெளியில். குளோரின் சொட்டுவதோ எதிர்ப்பக்கச் சுவர் ஓரத்தில், ஆள் இறங்கும் வாய்க்கு மேலே.

120 நிமிடம் என்பது சராசரி மட்டும்தான்

உங்கள் வகுத்தல் சரி. அந்த 120ஐ ஒவ்வொரு துளிக்கும் உரிய நேரமாக எடுத்ததுதான் சரியில்லை. இது உங்களுக்கு மட்டும் நேர்ந்த தவறும் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு தொழிற்சாலையில் பாணித் தொட்டியைத் தண்ணீரால் கழுவிவிடும் வேலை. கணக்குப்படி 40 நிமிடம் கழித்துத்தான் மறுமுனையில் நிறம் மாற வேண்டும். நாலாவது நிமிடமே மாறிவிட்டது. மூன்று மணித்தியாலம் கழித்தும் அடியிலிருந்து பாணி கசிந்துகொண்டே இருந்தது. அன்று அந்தத் தொட்டியடியில் நின்று கற்றதைத்தான் இப்போது உங்களுக்கு எழுதுகிறேன்.

வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போயிருப்பீர்கள். கயிறும் தடுப்பும் இல்லாமல் சனத்தை விட்டால் என்ன நடக்கும்? வாசலருகே நின்ற இளந்தாரி ஐந்து நிமிடத்தில் உள்ளே போய்விடுவான். மூலையில் ஒதுங்கிய கிழவி மூன்று மணித்தியாலம் நிற்பாள். இரண்டையும் கூட்டிச் சராசரி பார்த்தால் ஒன்றரை மணித்தியாலம் வரும். ஆனால் அந்த இருவரில் ஒருவர்கூட ஒன்றரை மணித்தியாலம் நிற்கவில்லை. அதே முற்றத்தில் தடியும் கயிறும் கட்டி, வளைந்து வளைந்து போகிற வரிசையாக்கினால் எல்லோரும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் நிற்பார்கள். முற்றத்தின் பரப்பும் கூடவில்லை, வந்த சனமும் குறையவில்லை.

தண்ணீரும் அப்படித்தான். தாங்கிக்குள் வந்த தண்ணீரில் எந்தப் பங்கு எத்தனை நிமிடம் நின்று வெளியேறுகிறது என்ற கணக்கைத் தங்கு நேரப் பரம்பல் என்போம். இதை இன்று நாம் பயன்படுத்தும் வடிவில் 1953இல் எழுதி வைத்தவர் பீற்றர் டாங்வேர்ட்ஸ் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர். வன்னியில் இருக்கிறவர்களுக்கு அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1940இல் இலண்டன் மீது வான்குடையில் இறக்கப்பட்ட கண்ணிவெடிகளைக் கையால் செயலிழக்கச் செய்து, அதற்காக ஜோர்ஜ் சிலுவை விருது பெற்றவர் அவர். வெடி அகற்றுபவர்கள் நிலத்தில் குந்தியிருந்து அங்குலம் அங்குலமாக வேலை செய்வதைப் பார்த்தவர்களுக்கு அது எத்தகைய மனம் என்று விளங்கும்.

இனி உங்கள் தாங்கிக்கு வருவோம். தாங்கிக்குள் வந்தவுடனே எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடுகிறது என்று வைத்துக்கொண்டால், 120 நிமிடச் சராசரி உள்ள தாங்கியிலிருந்து 100 லீற்றரில் 22 லீற்றர் 30 நிமிடத்துக்குள்ளேயே வெளியே போய்விடும். கிட்டத்தட்ட 10 லீற்றர் 12 நிமிடத்துக்குள் போய்விடும். 63 லீற்றர் அந்த 120 நிமிடத்தை எட்டுவதே இல்லை. மறுபக்கத்தில் 13 லீற்றருக்கு மேல் நாலு மணித்தியாலம் கடந்தும் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். மாலையில் மட்டம் பாதியாக இருக்கும்போதே விநியோகம் தொடங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போது சராசரியும் பாதி. 100 லீற்றரில் 39 லீற்றர் அரை மணித்தியாலம் நிற்காமலே போகும்.

இவ்வளவும் நன்றாகக் கலக்கும் தாங்கியின் கணக்கு. உங்களுடையது அதைவிட மோசம். வரும் தண்ணீர் சுவரோரமாகவே திரும்பி, மூன்றடி தள்ளியிருக்கிற வெளிக்குழாய்க்குள் நுழைந்துவிடுகிறது. மற்றப் பக்கம் தேங்கிக் கிடக்கிறது. ஊர்க் குளத்திலும் இதைப் பார்க்கலாம். வாய்க்காலால் வருகிற தண்ணீர் துருசை நோக்கி ஒரு கோடாக ஓடும். ஒதுக்குப்புற மூலையில் தாமரை இலை அசையாமல் கிடக்கும்.

காலை மணமும் 7.45 மாதிரியும்

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை இரண்டு தரம் அடிக்கோடிட்டேன். "விடிய 5.45க்குக் குளோரின் பார்க்கிற பெட்டியில் கடும் இளஞ்சிவப்பு வருகிறது, 7.30க்குப் பார்த்தால் நிறமே இல்லை." விடை முழுவதும் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

இரவெல்லாம் தண்ணீர் அசையாமல் நின்றதால் எதிர்ப்பக்கக் குளோரின் மெல்ல மெல்லத் தாங்கி முழுதும் பரவியிருக்கும். 5.30க்கு மோட்டரைப் போட்டதும் முதலில் போவது அந்தத் தண்ணீர். மணம் தூக்கும், நிறம் கடுமையாக வரும். கொஞ்ச நேரத்தில் சுவரோரப் பாதையில் இருந்த இரவுத் தண்ணீர் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு கிணற்றிலிருந்து வருகிற புதுத் தண்ணீர் குளோரினைக் காணாமலே குறுக்கு வழியில் வெளியேறுகிறது. உங்கள் மருந்து எதிர்ப்பக்கத்தில் சேர்ந்துகொண்டிருக்கிறது. பள்ளிக்கூட மாதிரி 7.45க்கு எடுத்தது. மணமில்லாத நேரம். ஆக, காலை 5.45க்குக் குடித்தவர் "மருந்து கூடிப்போச்சு" என்கிறார், 7.45க்கு வந்த முடிவு "மருந்தே இல்லை" என்கிறது. இரண்டும் உண்மைதான்.

அளவை இரட்டிப்பாக்கியும் கிருமி போகாத காரணமும் இதுவே. கூட்டிய மருந்து தேங்கிய பக்கத்துக்குத்தான் போனது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கோலிபோம் வகைக் கிருமிகள் குளோரினுக்கு எளிதில் சாகக்கூடியவை. தண்ணீரோடு குளோரின் ஒழுங்காகக் கலந்திருந்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடமே அவற்றுக்குப் பெரும்பாலும் போதும். ஆகவே நேரம் குறைந்தது மட்டும் உங்கள் பிரச்சினை அல்ல. கலக்கவில்லை என்பதுதான் முதல் குற்றம், நிற்கவில்லை என்பது இரண்டாவது. கிருமியின் வகை எது என்று நமக்குத் தெரியாத இடத்தில், குளோரினுக்குக் கொஞ்சம் நின்று பிடிக்கிற கிருமிகளையும் எண்ணித்தான் அரை மணித்தியாலம் என்ற விதி வந்தது. உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதும் அதுதான்: குறைந்தது 30 நிமிடத் தொடர்புக்குப் பிறகு லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் மீதிக் குளோரின், பீ.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) 8க்குக் கீழே. உங்கள் அறிக்கையில் பீ.எச். 7.8. அந்த அளவில் மீதிக் குளோரினில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே வீரியமான வடிவில் இருக்கும். பீ.எச். 7ஆக இருந்தால் முக்கால் பங்கு இருந்திருக்கும். ஆகவே உங்கள் தண்ணீருக்கு அந்த 30 நிமிடம் மெய்யாகவே தேவை.

சந்தேகம் தீர உப்பு போட்டுப் பாருங்கள்

என் சொல்லை மட்டும் நம்பிச் சங்கத்தின் காசைச் செலவழிக்க வேண்டாம். உங்கள் தாங்கியையே கேட்கலாம். பால் பதனிடும் இடங்களில் 72 பாகை வெப்பத்தில் 15 செக்கன் என்ற விதி உண்டு. அந்த 15 செக்கன் சராசரித் துளிக்கானதல்ல, மிக வேகமாக ஓடுகிற துளிக்கானது. அதைச் சோதிக்க உப்புக் கரைசல் விட்டு மறுமுனையில் எப்போது தெரிகிறது என்று பார்ப்பதுண்டு. அதையே நீங்களும் செய்யலாம்.

ஐந்தரைக் கிலோ உப்பு எடுங்கள். ஆனையிறவுக் கல்லுப்பானாலும் சரி, கடைப் பைக்கற்றானாலும் சரி. 55 லீற்றர் தண்ணீரில் கரைத்து வெள்ளைத் துணியில் வடியுங்கள். அடியில் சிறு குழாயுள்ள பரலில் ஊற்றி, உள்ளே வரும் தண்ணீர் விழுகிற இடத்திலேயே நிமிடத்துக்கு 300 மில்லிலீற்றர் வீதம் விடுங்கள். ஒரு சோடாப் போத்தலில் அளவு குறித்து வைத்துக்கொண்டு குழாயைத் திருகினால் பிடிபடும். மூன்று மணித்தியாலம் ஓடும். குடிக்கும் தண்ணீரில் லீற்றருக்கு 100 மில்லிகிராம் உப்புத்தான் கூடும். உடம்புக்குக் கேடில்லை, நாக்குக்கும் அநேகமாகத் தெரியாது. ஆனாலும் ஊருக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். இப்போதிருக்கிற கதையோடு "உப்பும் போடுகிறான்" என்பது சேர வேண்டாம். குளோரினை வழக்கம்போல் விட்டுக்கொண்டே இருங்கள்.

உப்பு முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டிவிடாதீர்கள். கனத்த கரைசல் நிலத்தோடு படிந்து, அடியிலிருக்கிற வெளிக்குழாய்க்குள் நேரே போய்விடும். தாங்கியின் குணத்தைப் பார்க்காமல் உப்பின் குணத்தைத்தான் பார்த்திருப்பீர்கள்.

வெளிக்குழாயில் ஈ.சி. மீற்றரை, அதாவது தண்ணீரின் மின்கடத்துதிறனை அளக்கும் கருவியை, பிடியுங்கள். உப்புக் கூடினால் அந்த அளவும் கூடும். உங்களிடம் இல்லாவிட்டால் விவசாயப் போதனாசிரியரிடமோ அருகிலுள்ள பாடசாலை ஆய்வுகூடத்திலோ கேட்டுப் பாருங்கள். உங்கள் கிணற்றுத் தண்ணீர் 900 மைக்ரோசீமன்ஸ் என்கிறீர்கள். உப்பு சேர்ந்து தாங்கி முழுதும் நிறைந்தால் 1,100 அளவுக்கு ஏறும். முதல் பத்து நிமிடம் நிமிடத்துக்கொரு தரம், பிறகு ஐந்து நிமிடத்துக்கொரு தரம் எழுதுங்கள். 920ஐத் தொடுகிற நேரம்தான் நமக்கு வேண்டியது. ஏற வேண்டியதில் பத்தில் ஒரு பங்கு ஏறிவிட்டது என்று அர்த்தம். பத்தில் ஒரு பங்கு தண்ணீர் அந்த நேரத்துக்குள்ளேயே வெளியேறுகிறது. நீர் சுத்திகரிப்புக்காரர்கள் தாங்கியின் உண்மையான நேரமாக எடுப்பது இதையே. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் கைநூல்களில், உள்தடுப்பே இல்லாத தாங்கிக்குச் சராசரியில் பத்திலொன்றுதான் கொடுத்திருக்கிறார்கள். 120 நிமிடத் தாங்கிக்கு 12 நிமிடம். உங்கள் படத்தைப் பார்த்தால் அதுகூட வராது என்று நினைக்கிறேன். மீற்றர் சொல்லட்டும்.

உங்கள் நாலு கேள்விகளுக்கும் இனிப் பதில் சொல்லலாம்.

மருந்தைக் கூட்டலாமா?

வேண்டாம். பழைய அளவுக்கே திரும்புங்கள். மணம் தாங்காமல் கட்டுக்கிணற்றுக்குப் போன வீடுகள் இப்போது மருந்தே இல்லாத தண்ணீரைக் குடிக்கின்றன. மழைக்காலத்தில் அது பெரிய ஆபத்து. ஆனால் பவுடரின் வீரியத்தைப் பாருங்கள். வெக்கையிலும் ஈரத்திலும் கிடந்த பவுடர் வேகமாகச் செத்துப்போகும். மூடி இறுக்கமாக, நிழலில், டீசல் மண்ணெண்ணெய்க்குத் தூரமாக வைக்க வேண்டும். கரைக்கும்போது தண்ணீருக்குள் பவுடரைப் போடுங்கள், பவுடருக்கு மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். கையுறையும் முகமூடியும் இல்லாமல் தொட வேண்டாம்.

கலக்கி பூட்டலாமா?

தாங்கிக்குள் வேண்டாம். தாங்கி முழுதையும் கலக்கினால் இப்போது வந்த துளியும் இரண்டு மணித்தியாலம் நின்ற துளியும் ஒன்றாகிவிடும். முன்னே சொன்ன 22 லீற்றர் கணக்கு அந்த நிலைக்குரியதுதான். இப்போதிருப்பதைவிட நல்லது, ஆனால் நமக்குப் போதாது. கலக்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: மருந்தும் தண்ணீரும் முதன்முதல் சந்திக்கிற இடம். அங்கே மூர்க்கமாகக் கலக்க வேண்டும். அதற்குப் பிறகு கலக்கவே கூடாது, வரிசையில் விட வேண்டும்.

அதற்கு மின்சாரம் தேவையில்லை. உள்ளே வரும் குழாயின் கீழே 100 லீற்றர் பிளாஸ்டிக் பரல் ஒன்றை வெட்டி வையுங்கள். தண்ணீர் அதற்குள் விழுந்து குமுறி, விளிம்பால் வழிந்து தாங்கிக்குள் போகட்டும். குளோரின் சொட்டு அந்தக் குமுறலுக்குள் விழ வேண்டும். நிமிடத்துக்கு 300 லீற்றர் விழுகிற இடத்தில் அது 20 செக்கன்தான் நிற்கும், கலப்பதற்கு அது தாராளம். சேலைன் குழாயைக் கொஞ்சம் நீட்டினால் சரி. இதை நாளைக்கே செய்யலாம், செலவும் அநேகமாக இல்லை. இதை மட்டும் செய்தாலே 7.30 மணிக்கும் பெட்டியில் நிறம் வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

10,000 லீற்றர் தாங்கி வாங்கலாமா?

தருகிறவர்களின் மனம் பெரிது. ஆனால் கணக்கைப் பார்ப்போம். புதுத் தாங்கியைப் பழையதற்குப் பின்னால் தொடராகப் பூட்டி, இரண்டும் நன்றாகக் கலப்பதாக வைத்தால், 30 நிமிடத்துக்குள் தப்பிப் போவது 22இலிருந்து 8 ஆகக் குறையும். இருக்கிற தாங்கியையே சுவரால் நாலு அறையாகப் பிரித்து, தண்ணீரை ஒவ்வொன்றாகக் கடக்க விட்டால் அது 2க்கு இறங்கும். இரண்டு அறையென்றால் 9, மூன்றென்றால் 4. ஒரு லீற்றர் இடமும் புதிதாகச் சேர்க்காமலே. ஆகவே அவர்களிடம், "தாங்கிக்குப் பதிலாகச் சீமெந்துக் கல்லுக்குத் தாருங்கள்" என்று கேட்டுப் பார்க்கலாம். இல்லை, தாங்கிதான் தருவோம் என்றால் வாங்குங்கள். ஆனால் தொடராகவே பூட்டுங்கள். பக்கம் பக்கமாக வைத்துத் தண்ணீரைப் பிரித்துவிட்டால், எதிர்ப்புக் குறைந்த வழியால் கூடுதலாக ஓடி மற்றது சும்மா நிற்கும்.

சுவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பலர் பிழைவிடுவது இங்கேதான். 6 மீற்றர் நீளப் பக்கத்துக்குச் சமாந்தரமாக மூன்று சுவர். நாலங்குலக் கல் போதும், இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் தண்ணீர் நிற்பதால் பெரிய அழுத்தம் வராது. ஒவ்வொரு சுவரும் 5 மீற்றர் போய், ஒரு மீற்றர் வாசல் விட்டு நிற்க வேண்டும். வாசல் முதல் சுவருக்கு ஒரு முனையில், அடுத்ததற்கு மறுமுனையில். அப்போது அகலம் ஒரு மீற்றருக்குச் சற்றுக் குறைந்த நாலு ஓடை வரும். தண்ணீர் கிட்டத்தட்ட 24 மீற்றர் நடக்கும். ஓடையை இதைவிட ஒடுக்க வேண்டாம், வருடத்தில் இரண்டு தரமாவது ஒருவர் இறங்கித் தேய்க்க வேண்டுமே. சுவர் தண்ணீர் மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். மட்டத்துக்கு ஓரங்குலம் கீழே விட்டாலும் தண்ணீர் மேலால் தாண்டிக் குறுக்கே போய்விடும். அடியில், கழுவி வடிப்பதற்கு ஓரிரு அங்குலத் துளை ஒவ்வொன்றிலும் இருக்கட்டும், பெரிதாக வேண்டாம்.

ஓடை நாலு என்பதால் தண்ணீர் தொடங்குவதும் முடிவதும் தாங்கியின் ஒரே முனையில்தான். அதற்கேற்ப வெளிக்குழாயின் இடம் மாறலாம். முதல் ஓடையின் தொடக்கத்தில் பரல், நாலாவது ஓடையின் முடிவில் வெளிக்குழாய். உங்கள் படத்தின்படி வெளிக்குழாயை ஒரு மூலைக்கு நகர்த்த வேண்டிவரும். அதற்குக் குழாய் வேலை தெரிந்தவர் ஒருவர் தேவை.

கட்டுகிற நாட்களில் தாங்கிக்குள் தனியே ஒருவர் இறங்கக் கூடாது. தாங்கியின் வாய்களையெல்லாம் திறந்துவைத்து, மேலே ஒருவர் நிற்க வேண்டும். குளோரின் மணம் தெரிந்தால் இறங்கவே வேண்டாம். ஈயம் கலந்த பூச்சும் பழைய உரப் பையும் உள்ளே வரக் கூடாது. வேலை முடிந்ததும் கழுவி, குளோரின் கூட்டிய தண்ணீரை ஒரு நாள் நிரப்பி வைத்து, அதை வெளியே விட்டபிறகே விநியோகம். புதுச் சீமெந்து சில நாட்களுக்குத் தண்ணீரின் பீ.எச்.ஐ ஏற்றிவிடும். ஒரு கிழமைக்காவது அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாலையில் மட்டம் ஒரு மீற்றருக்குக் கீழே இருந்தால் விநியோக மோட்டரைப் போடாதீர்கள். முதலில் நிரம்பட்டும்.

பழி யார் மேல்?

சட்டத்தரணி அல்ல நான். அந்த அளவில் நின்று சொல்கிறேன். உங்கள் நல்ல பாதுகாப்பு உங்கள் புத்தகம்தான். பவுடர் நிறை, கரைத்த நேரம், காலையும் மாலையும் பெட்டியில் கண்ட அளவு, தாங்கி மட்டம் எல்லாவற்றையும் திகதியோடு எழுதிக் கையொப்பமிடுங்கள். வாரம் ஒரு தரம் சங்கத் தலைவரோ செயலாளரோ பார்த்துக் கையொப்பமிட வேண்டும் என்று கூட்டத்தில் கேளுங்கள். தாங்கியைக் கட்டியவர் நீங்களல்ல. அதை இயக்குகிறவர் மட்டுமே. இதைக் கோபமில்லாமல், படத்தோடு விளக்குங்கள்.

பரிசோதகரை எதிரியாக நினைக்க வேண்டாம். அவர் 7.45க்கு வந்திராவிட்டால் இந்தக் குறை இன்னும் பல மாதம் தெரியாமல் இருந்திருக்கும். முடிவின் பிரதியைக் கேளுங்கள். கேட்டாலே தருவார். எங்காவது மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அடுத்த தரம் அவர் வரும்போது, பள்ளிக்கூடக் குழாயோடு தாங்கியின் வெளிக்குழாயிலும் ஒரே நேரத்தில் மாதிரி எடுக்கும்படி கேளுங்கள். தாங்கி வாசலில் சுத்தம், பள்ளிக்கூடத்தில் கிருமி என்று வந்தால் நான் மேலே சொன்னதில் பாதி பிழையாகிவிடும். அப்போது குற்றவாளி இடையிலிருக்கிற குழாய். விநியோகம் நின்ற நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் விழுந்து, வெடிப்புகளால் வெளித் தண்ணீர் உள்ளே இழுபடும். பள்ளிக்கூடத்துக்குப் போகிற குழாய் வடிகாலைக் கடந்து போகிறது என்று படத்தில் குறித்திருக்கிறீர்கள். அந்த இடத்தைத் தோண்டிப் பாருங்கள்.

இதெல்லாம் நடக்கும்வரை ஊருக்குக் கொதித்தாறிய தண்ணீரைச் சொல்லுங்கள், குறிப்பாகப் பள்ளிக்கூடத்துக்கும் கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கும். கட்டுக்கிணற்றுக்குப் போனவர்களுக்கும் அதையே சொல்லுங்கள். வயிற்றோட்டம் வந்த பிள்ளைக்கு ஜீவனி (உடம்பு இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் பொடி) கரைத்துக் கொடுக்க வேண்டும். கண் குழிவிழுந்தாலோ, சலம் போகாவிட்டாலோ, இரத்தம் கண்டாலோ ஆசுபத்திரிக்குத்தான்.

முதலில் பரலை வையுங்கள், மூன்று நாள் 7.30 அளவைப் பாருங்கள். பிறகு உப்புச் சோதனை. சுவர் எழும்பியபின் அதே உப்பை, அதே அளவில், அதே மட்டத்தில் இன்னொரு தரம் விடுங்கள். 920ஐத் தொடுகிற நேரம் ஒரு மணித்தியாலத்தைத் தாண்டினால் சுவர் வேலை செய்கிறது. தாண்டாவிட்டால் எங்கோ வாசல் பெரிதாகிவிட்டது அல்லது ஒரு சுவருக்கு மேலால் தண்ணீர் தாண்டுகிறது. இரண்டு சோதனையின் அளவுகளையும் ஒரே கட்டத் தாளில் கீறி எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். மற்றப் பிரதியைப் பள்ளிக்கூட விஞ்ஞான ஆசிரியையிடம் கொடுங்கள்.